மற்றும்

வானொலியில் எங்கள் ஊர்ப் பெயர் வந்ததே இல்லை.
'வட தமிழகம் மற்றும் தெற்கு ஆந்திரக் கடலோரம்' என்பார்கள்.
அந்த 'மற்றும்' இருக்கிறதே
அதற்குள்தான் ஆரம்பாக்கம் தாண்டிய
கடைசி இருநூறு வீடுகளும்
ஒரு மழைமானியும் இருக்கின்றன.

மழைமானிக்குச் சாவி என்னிடம்.
காலை எட்டரைக்குப் பூட்டைத் திறந்து
கண்ணாடிக் குவளையில் ஊற்றி
கண் மட்டத்துக்குத் தூக்கிப் படிக்க வேண்டும்.
வருடத்தில் முந்நூறு நாள் சுழியம்.
சுழியத்தையும் எழுதத்தான் சம்பளம்.

சித்திரையில் ஏரி பின்வாங்கும்.
சேறு அப்பளமாகப் பொரிந்து கிடக்கும்.
பதினோரு மணிக்குக் கடற்காற்று ஏறிவிட்டால்
அன்றைக்குப் பிழைத்தோம்.
இரண்டு வரை வராவிட்டால்
சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிகளுக்கு அடியில்
நாய்கள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
வரிசை நகர நகர
அவையும் எழுந்து நகர்ந்து படுக்கும்.

ஆடியில் மேற்கே சாயங்கால இடி.
இடி மட்டும்.
கச்சான் காற்று செம்மண்ணைக் கொண்டுவந்து
பதிவேட்டின் பக்கங்களுக்குள் வைத்துவிட்டுப் போகும்.

வடக்கே மூன்று கிலோமீட்டர், தடாவில்,
பெஞ்சலய்யாவுக்கும் இதே வேலை.
அரசாங்கம் வேறு, குவளை ஒன்று.
எட்டே முக்காலுக்குக் கூப்பிடுவார்:
"வேதவல்லிகாரு, வான படிந்தா?"
மழைக்கு அங்கே வான என்று பெயர்.
எங்கள் வானத்திலிருந்து ஒரு 'ம்' உதிர்ந்தால்
அவர்கள் நனைகிறார்கள்.
காற்றைக் காலி என்பார்.
முதல் வருடம் ஒரு நாள் "காலி உந்தா?" என்றார்.
குவளையைத்தான் கேட்கிறார் என்று
"ஆமாம், காலிதான்" என்றேன்.
அன்று பலத்த காற்று என்று எழுதிக்கொண்டாராம்.

ஓர் ஐப்பசியில் அவருக்கு நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
எனக்கு நான்கு.
எங்கள் தெரு முனையில் நின்று பார்த்தேன்,
மேகம் அந்தப் பக்கமே பெய்து தீர்த்தது,
பர்மிட் இல்லாத லாரி மாதிரி.
இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

அப்புறம் கார்த்திகைப் புயல்.
யாரோ அதற்குப் பூவின் பெயர் வைத்திருந்தார்கள்.
முதலில் வாடையில் அடித்தது.
பிறகு ஒன்றுமே இல்லை.
பிறகு தெற்கிலிருந்து, விட்டதையெல்லாம் சேர்த்து.
அந்த ஒன்றுமில்லாத இருபது நிமிடத்தில்
இருட்டில் தெருவெல்லாம்
மடவை மீன் துள்ளும் சத்தம்.

விடிந்து, ஒன்பது முறை குவளை நிறைய அளந்தேன்,
பத்தாவதில் கொஞ்சம்.
நூற்று எண்பத்தேழு புள்ளி நான்கு.
சொல்லலாம் என்றால் போன் செத்திருந்தது.

மதியம் பெஞ்சலய்யாவே வந்தார்,
இடுப்பளவு தண்ணீரில்,
சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு.
மழைமானி மேல் பனை விழுந்துவிட்டதாம்.
"இந்த ராத்திரிக்குச் சுழியம் எழுத
மனசு ஒப்பலேதம்மா."
பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
புள்ளியைக்கூட விடாமல் எழுதிக்கொண்டு
இரண்டு பிஸ்கட் தின்றார்.

அடுத்த வாரம் நகரத்திலிருந்து ஒரு சின்ன அதிகாரி:
"ரெண்டு ஸ்டேட், ரெண்டு கேஜ்,
தசமம் வரைக்கும் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?"
"காலி, சார்."
"என்னது?"
"காத்து பலம், சார்."

இப்போது தை.
எட்டரை வரை பனி விலகவில்லை.
ஏரியில் பூநாரைகள் இருக்கின்றன,
சத்தம் மட்டும் வருகிறது.
குவளையில் சுழியம், எழுதிவிட்டேன்.
புனலின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது,
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
பெஞ்சலய்யாவும் அதை உப்பு என்றுதான் சொல்வார்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.